கடைசி எபிசோட்

"ஃப்ரீசர் பாக்ஸை எங்கம்மா இறக்கறது?" என்று வேன்காரர் கேட்டதும் பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்ச்சுவரில் புதிதாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் கிட்டாரோடு சிரித்துக்கொண்டிருந்தவர் அவள் கணவர் டெரன்ஸ். நிஜ டெரன்ஸ் உள்ளே ரஸ்க்கைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

வேனிலிருந்து மாலையோடு இறங்கிய ரசிகர் மன்றத் தலைவன் கதிரவனின் கண்கள் வீங்கியிருந்தன. "பாட்காஸ்ட்ல சார் நேத்து இறந்துட்டாரே, ஆன்ட்டி!"

பாடகரான டெரன்ஸ் தன் குரலைப் பாட்காஸ்ட் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து மூன்று வருடமாகிறது. அந்தக் குரலில் வாரம் தவறாமல் அவர் கதையைச் சொல்வது ஏ.ஐ. இயந்திரம்தான். அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று ரசிகர்கள் ஓட்டுப் போடுவார்கள். இந்த வாரம் ஒன்பது லட்சம் பேர், மேடையிலேயே உயிர் பிரியட்டும் என்றிருந்தார்கள்.

"அவர் உயிரோடதான்டா இருக்கார்!" என்று பியூலா கத்தினாள். சத்தம் கேட்டு, பக்கவாதத்தில் மடங்கிப்போன இடக்கையோடு டெரன்ஸ் வாசலுக்கு வந்தார்.

கதிரவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பதறிப்போய் மாலையால் அவர் முகத்தை மறைத்தான்.

"உள்ள போயிடுங்க சார். பசங்க பஸ் புடிச்சு வந்துட்டிருக்காங்க. உங்கள இப்படிப் பாத்தா தாங்க மாட்டாங்க."