இருபது நிமிஷ ரெசின்

படகின் அடிப்பலகையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதை மூட ஃபைபர் பாயை வெட்டி வைத்தாயிற்று. டின்னில் ஊற்றிய ரெசின் பசையில், அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்தாயிற்று. பிரஷ் டின்னுக்குள் தலையை விட்டது.

“ஏறுங்கண்ணே. இருபது நிமிஷம் போனா நீங்க கல்லாயிடுவீங்க.”

ரெசின் அசையவில்லை. “பலகையில தூசி இருக்கே?”

பலகை அவசரமாக உடம்பை உதறிக்கொண்டது.

“பாயோட ஓரம் கோணலா இருக்கே?”

பாய் நெளிந்து நேராகப் படுத்தது.

“வெயிலும் கொஞ்சம் தணியட்டும் தம்பி. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.”

பிரஷ்ஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உங்களோட மாரடிக்க என்னால முடியாதுண்ணே! டின்னே கொதிக்குது, தெரியலையா? ஏறித் தொலைங்க!”

“கத்தாதே. எதையும் யோசிச்சுத்தான் செய்யணும்” என்று சொல்லி முடிப்பதற்குள் ரெசின் இறுகிவிட்டது. வாய் மட்டும் இறுகவில்லை. பிரஷ் தலையை இழுத்து இழுத்துப் பார்த்தது, வரவே இல்லை.

சாயங்காலம் படகுக்காரர் டின்னோடு சேர்த்து அதைக் குப்பைமேட்டில் வீசினார். அங்கே ஏற்கெனவே மூன்று டின்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரஷ் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றது.

“வாங்க, வாங்க” என்று அவற்றில் ஒரு ரெசின் உற்சாகமாகக் கூப்பிட்டது. “அந்த ஓட்டையை எப்படி அடைச்சா நல்லாயிருக்கும்னுதான் நாங்களும் போன வாரத்துலேருந்து பேசிக்கிட்டிருக்கோம்.”