எட்டு வரிகள்

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில் மின்சாரம் போய் யூபிஎஸ் கீச்சிடுகிறது. உலகெங்கும் பலர் கூடி எழுதும் மென்பொருளில், எழுத்துகளை நகலெடுக்கும் குட்டி நிரலின் எட்டு வரிகளை யசோதரா திருத்தியிருக்கிறாள். ஆறு மாதச் சாப்பாட்டு வேளைகளைத் தின்ற வேலை. திருத்தத்தை மின்னஞ்சலில் ஒட்டியதில் வரி இடைவெளிகள் குலைந்துபோக, மென்பொருளைப் பராமரிப்பவர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிய பதிப்புக்கு இன்றே கடைசி நாள். தெருவில் கன்டெய்னர் லாரி போக, திறக்காத டிபன் பாக்ஸ் மேசையில் நடுங்குகிறது. "இன்னாம்மா, ரெண்டு நிமிசந்தான் தாங்கும், சட்டுனு முடி," என்கிறார் கடைக்கார லியாகத் பாய். இம்முறை ஒட்டாமல், தனிக் கோப்பாக இணைத்து அனுப்புகிறாள். உடனே பதில் வருகிறது: இப்போது ஒழுங்காக வந்திருக்கிறது, ஆனால் அந்த நிரலையே நேற்று நீக்கிவிட்டோம். திரை அணைகிறது. "அனுப்ட்டியாம்மா?" "அனுப்ட்டேன் பாய்," என்கிறாள், கறுத்த திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.