பதினேழாம் குப்பி

காய்ச்சல் வார்டு ஜன்னலில் காலை வெயில் ஏறுகிறது. மீன்காரி நாகரத்தினம் இருமலுக்கு நடுவே முந்தானையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டிருக்கிறாள். எதிரே பஞ்சுக்குச்சியும் குப்பியுமாக நர்ஸ் பர்வின். "என்ன கிருமி சுத்துதுன்னு பாக்கத்தான்க்கா. மழைக்காலத்துல இங்க சேர்ற எல்லாருக்கும் சளி எடுக்குறோம்." "கொரோனாவுக்கும் இப்படித்தான் எடுத்தீங்க. வாசல்ல தகரம் அடிச்சீங்க. ஆறு மாசம் என் கூடையை நாய்கூட மோந்து பாக்கல." "இப்ப தகரமெல்லாம் கிடையாதுக்கா. குப்பியில உங்க பேரே இருக்காது, பதினேழுன்னு நம்பர்தான்." வெயிலில் மின்னும் அந்தச் சின்னக் குப்பியையே நாகரத்தினம் பார்க்கிறாள். முந்தானை இறங்குகிறது. "பேரை மறைக்க நான் என்ன திருடியா? மீன்கார நாகரத்தினம்னு கொட்டை எழுத்துல எழுதும்மா. எவன் வந்து தகரம் அடிக்கிறான்னு நானும் பாக்குறேன்." குச்சி மூக்கின் ஆழத்துக்குப் போகிறது. கண்ணீர் கொட்டியும் அவள் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.