மேனேஜர் யார் பக்கம்?

"கூப்பிடுறது ஒரே ஒரு தடவைதான். தொடையைத் தட்டக் கூடாது, குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது" என்றேன்.

ஹாலின் நடுவில் நான் மண்டியிட்டிருந்தேன். என் பிடியில் மேனேஜரின் கழுத்துப்பட்டை.

எனக்கு வலது புறம் ஆறடி தள்ளி என் தம்பி. இடது புறம் ஆறடி தள்ளி அவன் மனைவி. வாசலில் அவளுடைய சாமான்களை ஏற்றி முடித்த வேன்.

மேனேஜர் என்பது நாய். காலை ஒன்பது மணியானால் சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடி என்று வரிசையாக மோந்து பார்த்துவிட்டு, திருப்தியில்லாத முகத்தோடு வந்து சோபாவில் உட்காரும். அந்த முகத்துக்காக வைத்த பெயர்.

ஃப்ரிட்ஜ் உனக்கு, பீரோ எனக்கு என்று மற்றதையெல்லாம் பத்தே நிமிடத்தில் பிரித்துவிட்டார்கள். நாய் என்று வந்தபோது மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. நீ எடுத்துக்கொள் என்றும் இல்லை, எனக்கு வேண்டும் என்றும் இல்லை.

இந்த வீட்டில் மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் அதே மௌனம்தான். சண்டை போட்டால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. அது யாரிடம் போகிறதோ, அவருக்குத்தான் நாய். மற்றவருக்கு ஒன்றுமில்லை.

ஆரம்பிக்கும் முன் இருவரையும் சோதனை போட்டேன். எலெக்ட்ரீஷியனான தம்பியின் வேலைப் பேன்ட்டில் ஆறு பாக்கெட். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அவள் தோளில் மாட்டியிருந்த கைப்பையையும் விடவில்லை.

"டீச்சர் புத்தி போகுதா பாருங்க அண்ணி உங்களுக்கு" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

"ஒன்று. இரண்டு. மூன்று."

பட்டையை விட்டேன்.

இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். நூலகத்தில் பேசுவதுபோல் கூப்பிட்டான் தம்பி. அவள் கூப்பிட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மேனேஜர் உட்கார்ந்தது. காதைச் சொறிந்தது. வாயை ஆவென்று பிளந்து ஒரு கொட்டாவி விட்டது.

யாரும் அசையவில்லை.

பிறகு எழுந்து, அவசரமே இல்லாமல், அவளிடம் நடந்தது.

அவள் கூரையைப் பார்த்தாள். கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின. தம்பி கண்களை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மேனேஜர் அவள் பாதத்தை மோந்தது. பக்கவாட்டில் தொங்கிய பையை மோந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

சட்டென்று திரும்பியது.

மூக்கைத் தூக்கியபடி நேராகத் தம்பியிடம் வந்து, முழங்கால் பக்கத்துப் பாக்கெட்டுக்குள் முகத்தை நுழைத்தது. ஒரே இழுப்பு. சின்னக் காகித உறை ஒன்று தரையில் விழுந்தது. அதிலிருந்து ஒரு சீஸ் துண்டு உருண்டது.

"சார் பிட் அடிச்சிட்டாரு டீச்சர்!" வாசலில் நின்று வேடிக்கை பார்த்த வேன் டிரைவர் கத்தினார்.

"அக்கா, சத்தியமா நான் வைக்கல" என்றான் தம்பி.

குனிந்து உறையை எடுத்தான். மருந்துக் கடைகளில் மாத்திரை போட்டுத் தரும் உறை. காலை, மதியம், இரவு என்று அச்சடித்திருந்தது. இந்த வீட்டில் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சீஸை விழுங்கிய கையோடு ஓடிப்போய் அவள் கைப்பையின் பக்க அறையைப் பற்களால் இழுத்தது. "விடு, விடு" என்று அவள் பையைத் தூக்குவதற்குள், கறுப்பாக ஓர் உருண்டை வந்து விழுந்தது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். இதுவும் சீஸ்தான். வயர் முனையைச் சுற்றுவதுபோல் இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தது. சீஸைக்கூட இப்படிச் சுற்றுகிறவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும்.

"கிறுக்கா உங்களுக்கு? டேப்போட முழுங்கியிருந்தா வயிறு என்ன ஆவறது?"

மூன்று மாதத்தில் அந்த வீட்டில் எழுந்த முதல் பெரிய சத்தம். மேனேஜரே திடுக்கிட்டு வாலை நிறுத்தியது.

"புது வீட்ல நீ தனியா இருப்பியே" என்றான் தம்பி.

"இங்க நீங்க மட்டும் என்ன ஊரைக் கூட்டி வச்சிருக்கப் போறீங்களா?"

அதற்கு மேல் அங்கே நிற்பது நாகரிகம் இல்லை. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே பேச்சு நிற்கவில்லை. யார் முதலில் வைத்தது என்று தகராறு நடந்துகொண்டிருந்தது.

"அப்போ நாய் யாருக்கு?" என்றார் டிரைவர்.

"தீர்ப்பு வர நேரமாகும். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். நான் படியில் உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு வருடமாகத் தேர்வு அறையில் மேற்பார்வை பார்ப்பவள் நான். சட்டைக் கைமடிப்பில் ஒளித்த துண்டுச் சீட்டுகூட என் விரல்களுக்குத் தப்பியதில்லை. காகித உறையின் மொரமொரப்பும் டேப்பின் வழவழப்பும் சோதனையின்போதே தட்டுப்பட்டுவிட்டன. எது யார் வைத்தது என்பதும் அப்போதே புரிந்துவிட்டது.

என் பயமெல்லாம், நாய் ஒன்றை மட்டும் கண்டுபிடித்துவிட்டு உட்கார்ந்துவிடுமோ என்பதுதான்.