போரிலிருந்து வந்த புருஷன்

சோரியாங்குப்பம் கோயில் மேடையில் நாடகம் நடக்கிறது. போருக்குப் போய் வந்த புருஷன் தாடியோடு வாசலில் நிற்கிறான். பெண்டாட்டி துடைப்பத்தை நீட்டி மறிக்கிறாள். "நீ எம்புருஷன்னா, நம்ம வூட்டு மாட்டுக்கு இன்னா பேரு?" அவன் யோசித்து மாமியார் பேரைச் சொல்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அகதி முகாமிலிருந்து கரும்பு வெட்ட வந்த சிவமலர், சோகை இலை கீறிய கைகளை மடியில் போட்டு மேடையையே பார்க்கிறாள். இலங்கையில் சண்டை முடிந்த அன்று ராணுவத்திடம் சரணடைந்த அவள் கணவன் இன்னும் திரும்பவில்லை. கூட வெட்டும் வைஜெயந்தி இடுப்பில் இடிக்கிறாள். "இன்னாடி, சிரிப்பே வரலியா? உன் வூட்டுக்காரரு இப்டி வந்து நின்னா இன்னா கேப்ப?" டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சிகள் சிவமலர் தலையில் உதிர்கின்றன. "ஒண்டும் கேக்கமாட்டன் அக்கா. ஆர் வந்து நிண்டாலும், அவரெண்டு சொல்லிச் சோறு போட்டிடுவன்."