இருநூறு மீட்டர் கூடுதலாக

கீச் கீச்சென்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்கடிகாரம் கத்த ஆரம்பித்தது. புயல் வருகிறது என்று எச்சரிக்கும் அலாரம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

கடைப்பெண் அதன் பொத்தானை அமுக்கி வாயை அடைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மலையேறுகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடை அது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையை விட்டு ஓர் அடி நகர்ந்தாலும் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காரணம் உண்டு. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் சந்தேகப்படுவதால் கடைப்பெண்ணுக்கு அவர் வைத்திருந்த பெயர் சிஐடி. போன வாரம்கூட, சாக்ஸைத் திருடிவிட்டார் என்று ஒருவரைத் தெருமுனை வரை துரத்திப் பிடித்தாள். பாவம், அவர் வரும்போதே காலில் போட்டுக்கொண்டு வந்த சாக்ஸ் அது.

வந்தவளுக்கு உயரம் காட்டும் கைக்கடிகாரம் வேண்டுமாம். கணவருக்கு. நாளைக் காலை இருவரும் நெடுந்தூர மலைநடைக்குக் கிளம்புகிறார்களாம். கையில் கட்டியிருப்பதே தெரியக் கூடாதாம், அவ்வளவு லேசாக இருக்க வேண்டுமாம்.

"சாரையும் கூப்பிடுங்க மேடம். கட்டிப் பார்த்து வாங்கினா நல்லது."

"அதோ நிக்கிறாரே. கடைன்னாலே அவருக்கு ஆகாது."

எதிர் நடைபாதையில் ஒருவர் உலகத்தையே மறந்து கோன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்மணி கையசைத்தாள். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, ஐஸ்கிரீமாலேயே பதிலுக்கு அசைத்தார்.

சிஐடி, இருப்பதிலேயே லேசான கடிகாரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டில் அடுக்கினாள். லேசாக ஆக ஆக விலை கனக்கும் சரக்கு. காற்றழுத்தத்தை வைத்துத்தான் இது உயரத்தைச் சொல்கிறது, வானிலை மாறினால் ஏமாந்துவிடும், அதனால் அவ்வப்போது சரியான உயரத்தைக் கையால் திருத்தி வைக்க வேண்டும் என்று விளக்கினாள். திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள். மூடுபனியில் பாதை பிரிகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. கடிகாரத்தில் உயரத்தைப் பார்த்துத்தான் திரும்புவார்கள். அது கூட்டிக் காட்டினால் முன்னாலேயே திரும்பி, நேராகப் பள்ளத்தாக்குதான்.

இந்த இடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். இவள் புன்னகைத்தாள்.

"ஒரு இருநூறு மீட்டர் கூட்டி வெச்சிட்டா, கட்டியிருக்கறவருக்குத் தெரியுமா?"

"எதுக்குங்க மேடம் கூட்டி வைக்கணும்?"

"சும்மாதான் கேட்டேன்." ஒரு கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "அவர் எப்பவும் முன்னாடி நடப்பார். நான் பின்னாடிதான்."

பிறகு போகிற போக்கில் விசாரித்தாள். மீட்புக் குழு மலைக்கு மேலே வந்து சேர நேரமாகுமா? கீழே விழுந்தால் கடிகாரம் நொறுங்குமா? நொறுங்கினால், யாராவது திருத்தி வைத்ததைக் கண்டுபிடிப்பார்களா? ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா?

சிஐடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் கால் பங்கு என்றால் பரவசம் முக்கால் பங்கு. கடைசியில் ஒரு நிஜக் குற்றம் அவளைத் தேடிக் கடைக்கே வந்திருக்கிறது. சாக்ஸ் இல்லை, கொலை.

பெண்மணி ஒரு மழைச்சட்டையை எடுத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்த் தாழிட்டாள். ஜிப் போடத் தெரியாது, கொஞ்சம் நேரமாகும் என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

இப்போது விட்டால் எப்போது? போலீஸுக்குச் சொன்னால், சாக்ஸ் கேஸ் பெண்ணா என்று சிரிப்பார்கள். நகர்ந்தால் வேலை போகும். நகராவிட்டால் ஐஸ்கிரீம் சாப்பிடும் ஓர் அப்பாவியின் உயிர் போகும். வேலை வேறு கிடைக்கும் என்று முடிவு செய்து சிஐடி தெருவில் பாய்ந்தாள்.

ஹாரன்கள் அலறின. ஒரு சைக்கிள்காரர் அவள் பரம்பரையையே விசாரித்தார். தன்னை நோக்கிப் பறந்து வருகிறவளைப் பார்த்ததும் அந்த மனிதர் ஐஸ்கிரீமை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கடிகாரத்தைக் கட்டாதீங்க. நாளைக்கு மலைக்கும் போகாதீங்க. உங்க மனைவி உங்களைப் பள்ளத்துல விழவெக்கத் திட்டம் போட்டிருக்காங்க."

அவளுக்குப் பின்னால், கடை வாசலிலிருந்து ஒரு ஸ்கூட்டர் சீறிக்கொண்டு கிளம்பியது. திரும்பிப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? ஓர் உயிரை அல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதர் அவளையும், அவள் தோளுக்கு மேலாகக் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"அங்கேர்ந்து யாரோ கையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். மத்தபடி எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்களே."