தானே மறைத்த வரி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு வரியை மறைத்தவளின் கதை சொல்கிறேன். ஆவுடைச்செல்வியும் ஜெபராணியும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு விரிவுரையாளர் வேலை வந்தது. இருவருமே விண்ணப்பிக்கத் தயாரானார்கள். "உன் பயோடேட்டாவக் காட்டு, பிழை பாத்துத் தாரேன்," என்றாள் ஜெபராணி. இவ்வளவு அக்கறை எதற்கு என்று ஆவுடைச்செல்விக்கு உறுத்தியது. இருவரும் சேர்ந்து எழுதிய கடற்பாசிக் கட்டுரைதான் அவளுடைய பயோடேட்டாவில் இருந்ததிலேயே கனமானது. ஜெபராணி தன்னுடையதில் அதைப் போட மறந்திருந்தால் நாமே ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்? அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, இன்னொரு பிரதி செய்து காட்டினாள். ஜெபராணி படித்தாள்; ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் உறுத்தியது.

நேர்காணலன்று வாசலில் காத்திருந்தபோது, முழுப் பிரதி அவள் பையிலேயே கிடந்தது; அப்போதுதான் தெரிந்தது, பல்கலைக்கழகத்துக்குக் கைதவறி அனுப்பியது அந்தக் குறைப் பிரதியை என்று. அதற்குள் உள்ளே போய்வந்த ஜெபராணி, அச்சான கட்டுரையை அவளிடம் நீட்டினாள். "ஏட்டி, சேந்து எழுதுனத நீ ஏன் போடலன்னு என்கிட்ட கேட்டாங்க. உன் பேருதான் முதல்ல இருக்கு, கொண்டுபோய்க் காட்டு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ மறைக்கேன்னு தெரிஞ்சுது. எதுக்குன்னுதான் தெரியல."

உள்ளேயிருந்து ஆவுடைச்செல்வியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஏதாவது பக்கத்தை ஜெபராணி உருவியிருக்கிறாளா என்று கட்டுரையை ஒவ்வொரு தாளாகப் புரட்டத் தொடங்கினாள். மறுபடியும் கூப்பிட்டார்கள்.

உங்கள் வீட்டில் நீட்டுகிற கையை யாரும் புரட்டிப் பார்க்காதிருக்கட்டும், கண்ணுகளா.